கொடியசைப்பதற்கு முந்தைய 12 வாரங்கள்

புற்றுநோயாளிகளுக்கு உதவி, சிறுநீரக சிகிச்சைக்கு நிதி, அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை என்று ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காக நடக்கும் சைக்கிள் பயணங்கள் நம் ஊர்களிலும் பெருகிவிட்டன. நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது சுவரொட்டியும் வாட்ஸ்அப் செய்தியும் வரும். கட்டணம் கட்டியவருக்கு ஒரு பனியன், குத்திக்கொள்ள ஓர் எண் அட்டை, முடித்தால் ஒரு பதக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் காத்திருக்க, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்து கொடியசைப்பார். அதற்குள் வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். முதல் 30 கி.மீ. வரை சிரித்த முகங்கள்தான், படங்கள்தான். 60ஆவது கி.மீ.க்குப் பிறகு நடப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. புளியமரத்தடியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர், பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்பவர், சைக்கிளை மினி லாரியில் ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் தலைகுனிந்து வருபவர் என்று அங்கே ஒரு தனிக் கூட்டம் இருக்கும். இவர்களில் பலர் அடுத்த ஆண்டு வருவதில்லை. அவர்களுடைய சைக்கிள் பால்கனியில் துணி காயப்போடத்தான் பயன்படும். மன உறுதி போதவில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். அது நியாயமான தீர்ப்பில்லை. நல்ல காரியத்தின் பெயரால் புதியவர்களைச் சாலைக்கு அழைப்பவர்கள், அந்த ஒரு நாளை மட்டும் நடத்திவிட்டு ஒதுங்கக் கூடாது; அதற்கு முந்தைய 12 வாரப் பயிற்சியையும் அவர்களே நடத்த வேண்டும். தாக்குப்பிடிக்கும் சக்தியும் தன்னம்பிக்கையும் சிலருக்கு வாய்த்து, சிலருக்கு வாய்க்காமல் போகிற வரங்கள் என்று நினைக்கிறோம். இரண்டையும் திட்டமிட்டு வளர்க்கலாம் என்பதற்குத் தேவையான சான்று இருக்கிறது.

உடம்பின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒருவர் 100 கி.மீ. மிதிக்க வேண்டுமானால், தசைக்குள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களின் திறன் கூட வேண்டும். 1967ல் அமெரிக்க உடலியலாளர் ஜான் ஹாலஸி எலிகளை 12 வாரம் ஓடவைத்து, அவற்றின் தசையில் இந்தத் திறன் ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டினார். மனிதத் தசையும் இதே வழியில்தான் போகிறது என்று பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின. இதற்கு வேகத்தைவிட அதிகம் தேவைப்படுவது, திரும்பத் திரும்பக் கிடைக்கும் நிதானமான நேரம். நெடுந்தூர விளையாட்டுகளில் உலகத் தரத்து வீரர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சிகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு எளிதான வேகத்தில்தான் நடக்கிறது என்று கண்டார். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் அது. நம் புதியவர் இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு முறையும் பந்தயம் போல ஓட்டி, மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவித்து, ஒரு வாரம் சைக்கிள் பக்கமே போகமாட்டார். உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதுமில்லை. ரத்தத்தின் நீர்மம் சில நாட்களிலேயே கூடுகிறது. வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் போதும். தசைக்குப் பல வாரம் வேண்டும். தசைநாண்களுக்கும் மூட்டுகளுக்கும் அதைவிட அதிகம். ஐந்தாவது வாரத்தில் இனி எதுவும் முடியும் என்று நெஞ்சு சொல்லும்போது முழங்கால் இன்னும் தயாராகியிருக்காது. அந்த வாரத்தில் தூரத்தைத் திடீரென்று இரட்டிப்பாக்கி முழங்காலைக் கெடுத்துக்கொள்பவர்கள் அதிகம். அவர்களைத் தடுத்து நிறுத்த, விவரம் தெரிந்த ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தன்னம்பிக்கைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 'உன்னால் முடியும்' என்று மைக்கில் சொன்னால் முடிந்துவிடும் என்பது நம் மேடைகளின் நீங்காத மயக்கம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1970களில் அப்படி நடுங்குபவர்களையே ஆய்வுக்கு அழைத்தார். சிலர், வேறொருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்த்தார்கள். வேறு சிலர், துணைக்கு ஒருவர் நிற்க, படிப்படியாகத் தாங்களே தொட்டு, பிறகு கையிலும் எடுத்தார்கள். பார்த்தவர்களுக்கும் அச்சம் குறையத்தான் செய்தது. ஆனால் தொட்டுப் பழகியவர்கள் அவர்களைவிட வெகுதூரம் முன்னேறினார்கள். 1977ல் வெளியான கட்டுரையில், ஒரு காரியம் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று அவர் வகுத்தார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடம்பு காட்டும் அறிகுறிகளைப் புரிந்துகொள்ளும் விதம். இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் சொல்லாக வரும் ஊக்கம் சீக்கிரம் உலர்ந்துவிடும். புதிதாகச் சைக்கிள் ஏறும் நடுவயதுக்காரருக்கு இருப்பது ஒரே ஒரு பயமா என்ன? பின்னால் ஹாரன் அடிக்கும் லாரி, ஊருக்கு வெளியே பஞ்சர், இறக்கத்தில் பிரேக், எல்லோரும் போன பிறகு தனியாக நிற்பது, 50 வயதில் தொடை தெரிய அரைக்கால் சட்டை என்று எத்தனையோ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மருந்து. டியூபைத் தானே மாற்றிப் பார்த்தவருக்குப் பஞ்சர் பயம் போய்விடும். லாரி பயம் அப்படியே இருக்கும். குரங்குப் பெடல் போட்டுக் கற்ற தலைமுறைக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல், பிறகு முழுப் பெடல், அப்புறம் பாரின் மேல், கடைசியில்தான் சீட். நடுவில் யாரும் அவர்களுக்கு உரை நிகழ்த்தவில்லை.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு முன்னின்றார். இயக்கத்தில் பாடம் நடத்திய பெண்கள் ஓட்டினார்கள், பாடம் படித்த பெண்களும் ஓட்டினார்கள். குவாரியில் கல்லுடைத்தவர், வயலில் வேலை செய்தவர், கிராம நர்ஸ், டீச்சர் என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் சைக்கிளில் வந்தார்கள். அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத் ஒரு நுணுக்கமான விஷயத்தைப் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது, ஏனென்றால் சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம். நம் விவாதத்துக்கு முக்கியமானது அந்த வரிசை. ஊர்வலம் கடைசியில் வந்தது. அதற்கு முன்பே கிராமத்துக் கண்மாய்க் கரையிலும் பள்ளி மைதானத்திலும் விழுந்து எழுந்த நாட்கள் முடிந்துவிட்டன. கேலி பேசியவர்கள் பேசி ஓய்ந்துவிட்டார்கள். இன்றைய நிதி திரட்டும் பயணங்களோ ஊர்வலத்தை முதலில் வைக்கின்றன. பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் ஆண்டுதோறும் வருத்தப்படுகிறார்கள். விடியற்காலை ஐந்து மணி இருட்டில் தனியாகப் பயிற்சிக்குப் போக முடியாத ஒருத்திக்கு, பயண நாளன்று இலவசப் பனியன் கொடுப்பதால் என்ன பயன்? அவளுக்கு வேண்டியது பத்துப் பேர் சேர்ந்து போகிற, நேரம் தவறாத, வாராந்திரக் குழு.

முன்பயிற்சி, வசதி, வசதியின்மை என்ற அளவோடு நிற்கும் விஷயமும் இல்லை. 1993ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் மிட்டில்மன் குழுவினரின் ஆய்வு வெளியானது. மாரடைப்பு வந்த 1,228 பேரிடம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். கடும் உழைப்பில் ஈடுபட்ட உடனடி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து, மொத்தத்தில் ஏறக்குறைய ஆறு மடங்கு. அதை அவர்களுடைய வழக்கமான உடற்பயிற்சியை வைத்துப் பிரித்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ கடுமையாக உடலை வருத்திப் பழகியவர்களுக்கு 2.4 மடங்கு, வாரம் ஒருமுறைகூட அப்படிச் செய்யாதவர்களுக்கு 107 மடங்கு. அச்சுப்பிழை அல்ல, நூற்று ஏழு. எந்த ஒரு குறிப்பிட்ட மணி நேரத்திலும் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகச் சிறியது என்பதால், பெருக்கினாலும் அது சிறிய எண்தான், பீதி வேண்டாம். ஆனால் ஆயிரம் பேரைத் திரட்டி ஒரே காலையில் மூச்சிரைக்க வைக்கும் ஏற்பாட்டாளர், அந்த ஆயிரத்தில் எத்தனை பேர் 107ஐச் சேர்ந்தவர்கள், எத்தனை பேர் 2.4ஐச் சேர்ந்தவர்கள் என்று கவலைப்படத்தான் வேண்டும். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஆளை நகர்த்துவது ஆம்புலன்ஸ் இல்லை. ஆம்புலன்ஸ் வேண்டும்தான், அது காரியம் கெட்ட பிறகு வருவது. பதிவின்போதே நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு பற்றிய சில கேள்விகளைக் கேட்டு, தேவையானவரை மருத்துவரிடம் அனுப்புவதற்கு ஒரு படிவம் போதும். தென்னாப்பிரிக்காவின் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் இப்படிப் பதிவின்போதே கேள்வி கேட்டு அறிவுரை கொடுக்கத் தொடங்கிய பிறகு, உயிருக்கு ஆபத்தான மருத்துவச் சம்பவங்கள் கணிசமாகக் குறைந்தன.

வெளிநாடுகளில் பெரிய நிதிப் பயணங்களைக் கட்டியெழுப்பியவர்கள் இதைப் புரிந்துகொண்டவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஏழு நாளில் 545 மைல் போன எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் பயணம் 2002 முதல் 2025 வரை நடந்தது. அதில் வந்தவர்களில் பெரும் பகுதியினர் வீரர்கள் கிடையாது. பதிவு செய்த பிறகு சைக்கிள் வாங்கியவர்களும் அதில் உண்டு. அவர்களைத் தயார்படுத்தியது மாதக்கணக்கில் வார இறுதிகளில் நடந்த இலவசப் பயிற்சிப் பயணங்கள். ஒவ்வொன்றுக்கும் தூரமும் வேகமும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். நடத்துபவர்கள் அதற்கெனப் பழக்கப்பட்ட தன்னார்வலர்கள். ஜூன் மாதத்து ஏழு நாளைப் பற்றிப் பேசியவர்கள், முந்தைய குளிர்காலத்துச் சனிக்கிழமைகளைப் பற்றியும் அதே அளவு பேசினார்கள். மாசசூசெட்ஸில் 1980ல் பில்லி ஸ்டார் 36 பேரோடு தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச் முதல் ஆண்டு திரட்டியது 10,200 டாலர். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மகன் நண்பர்களோடு தொடங்கிய அந்தப் பயணம் இன்றுவரை டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்காக 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருக்கிறது. நிதி வரும் வழி, ஆட்கள் ஆண்டுதோறும் திரும்பி வருவதுதான். முதல் ஆண்டே உடைந்துபோனவர் ஏன் திரும்பி வருவார்?

நம் ஊரில் 12 வாரப் பயிற்சி எப்படி இருக்கும்? அதற்கு ஆய்வகம் தேவையில்லை. முதல் ஞாயிறு 20 கி.மீ.; பிறகு 25, 30; நான்காவது வாரம் வேண்டுமென்றே குறைத்து 22. மீண்டும் 38, 45, 52. எட்டாவது வாரம் 40. அதன்பின் 60, 70, 80. கடைசி வாரம் 30 மட்டும், உடம்பு ஓய்ந்து தேற. வார நாட்களில் இரண்டு முறை முக்கால் மணி நேரம். பயணத்தன்று 100 என்றால் முன்பே 80 தொட்டவருக்குப் புதிதாக மிஞ்சுவது 20 கி.மீ. தான், அதையும் கூட்டத்தோடு கடக்கப்போகிறார். இந்த ஞாயிறுகளில் கிலோமீட்டரோடு சேர்த்துக் கற்றுத்தர வேண்டியவை நிறைய. பெரும்பாலோர் சீட்டைத் தாழ்வாக வைத்திருப்பார்கள், உட்கார்ந்தபடி இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பழக்கத்தால். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். அதற்குக் கீழே சீட் இருந்தால் 40 கி.மீ. தாண்டியதும் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அந்த வலிக்குத் தைலம் தேய்ப்பவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு ஸ்பேனர் போதும். கனமான கியரில் முக்கி முக்கி மிதிப்பதை விட்டு, இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று என்ற கணக்கில் காலைச் சுழல விடுவது இன்னொன்று. பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. தொடையிடுக்கு புண்ணான பிறகுதான் தெரிகிறது.

சாப்பாட்டில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கண் இருட்டலும் கைகால் நடுக்கமும் எரிச்சலும் பயிற்சிக் குறைவால் மட்டும் வருவதில்லை, பசியாலும் வரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டிருந்தால் இது நேராது. இரண்டு மூன்று வாழைப்பழம், அல்லது ஒரு பழமும் சில கடலை மிட்டாய்த் துண்டும் அந்தக் கணக்குக்கு வந்துவிடும். பசித்த பிறகு தின்றால் பிந்திவிட்டது என்று பொருள். இளநீரைப் பற்றி நமக்குள்ள பெருமிதமும் கொஞ்சம் அடங்க வேண்டும். அதில் பொட்டாசியம் ஏராளம். வியர்வையில் நாம் இழக்கும் சோடியமோ குறைவு. நான்கு மணி நேரம் வியர்த்தவருக்கு உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ நல்லது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்து ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிக்கொள்பவர்களும் உண்டு. காற்றும் ஒரு வாத்தியார். மார்கழி, தை மாதங்களில் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போகும் புதியவர், முட்டுக்காடு தாண்டியதும் தன் கால்களைப் பற்றி மிக உயர்ந்த கருத்துக்கு வந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் வாடைக்காற்று தள்ளிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். மணிக்கு 25 கி.மீ. என்று இருந்தது 16க்கு இறங்கும். உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயப்படுவார். இதை 40 கி.மீ. பயிற்சியில் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவர் 100 கி.மீ. நாளன்று கலங்கமாட்டார். உடம்பின் அறிகுறியைச் சரியாகப் படிப்பது நம்பிக்கைக்கு ஓர் ஊற்று என்று பந்தூரா சொன்னது இதுதான்.

இவ்வளவு எதற்கு, பணத்தை நேரே கொடுத்துவிட்டுப் போகலாமே என்பது முதல் ஆட்சேபம். நியாயமான கேள்விதான். சைக்கிள் மிதிப்பதால் எந்த நோயும் குணமாவதில்லை. ஆனால் மனிதர்கள் கணக்குப் பிள்ளைகளைப் போல நன்கொடை கொடுப்பதில்லை. கிறிஸ்டோபர் ஓலிவோலா, எல்டார் ஷாஃபிர் இருவரும் 2013ல் வெளியிட்ட ஆய்வில், சுகமான விருந்து மூலம் நிதி திரட்டுவதைவிட வலியும் உழைப்பும் கலந்த வழியில் திரட்டும்போது மக்கள் அதிகம் கொடுக்க முன்வருவதைக் காட்டினார்கள். காவடி தூக்கி நேர்த்திக்கடன் செலுத்தும் நாட்டில் இதற்கு அமெரிக்க ஆய்வு தேவையா என்று கேட்கலாம். இருந்தாலும் கணக்கோடு நிறுவப்பட்டிருப்பது நல்லதே. இந்த ஆய்வு என் வாதத்துக்கு வலுச் சேர்க்கவும் செய்கிறது. மூன்று மாதம் ஒருவர் விடிகாலையில் எழுந்து போவதைப் பார்க்கிற உறவினரும் அலுவலகத் தோழரும், ஒருநாள் பனியன் படத்தைப் பார்ப்பவரைவிட மனம் இளகிக் கொடுப்பார்கள் என்று நம்பக் காரணம் இருக்கிறது. திரட்டும் பணத்தில் பெரும் பங்கை விழாச் செலவே விழுங்கிவிடுகிறது என்ற புகாரை மட்டும் நான் முழுதாக ஏற்கிறேன். கட்டணம் எவ்வளவு வந்தது, நன்கொடை எவ்வளவு, பந்தலுக்கும் பதக்கத்துக்கும் போனது எவ்வளவு என்ற கணக்கைப் பயணம் முடிந்த மாதத்திலேயே வெளியிடாதவர்களுக்கு யாரும் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.

12 வாரம் என்றால் பாதிப் பேர் ஓடிவிடுவார்கள் என்பது இரண்டாவது. ஓடலாம். அவர்களுக்காக 25, 50 கி.மீ. பாதைகள் இருக்கட்டும், 100 கி.மீ.க்கு மட்டும், முன்பு 60 கி.மீ. ஓட்டிய பதிவைக் கேட்கலாம். வேகத்தைப் பற்றிய பயமும் இங்கே தேவையில்லாமல் ஆளை விரட்டுகிறது. நெடுந்தூரச் சைக்கிளோட்டத்தின் பழைய மரபான பிரெவேயில் 200 கி.மீ.க்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 13 மணி 30 நிமிடம். டீக்கடை, பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். சராசரி மணிக்கு 15 கி.மீ.கூட வராது. காய்கறி ஏற்றிச் சந்தைக்குப் போகும் சைக்கிளின் வேகம் அது. அதே கணக்கில் நம் 100 கி.மீ.க்கு ஆறே முக்கால் மணி நேரம் கொடுக்கலாம். லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் புகழ்பெற்ற 54 மைல் நிதிப் பயணத்தில், ஏறக்குறைய முடிவில் வரும் டிட்ச்லிங் பீக்கன் ஏற்றத்தில் நிறையப் பேர் இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். அதனால் இதயநோய் ஆய்வுக்குப் போகும் பணம் குறைந்துவிடவில்லை. நம் ஏற்பாட்டாளர்கள் முதலில் வந்த மூவரை மேடையேற்றுவதை நிறுத்தினாலே பாதி அச்சம் தீரும். நிதிப் பயணத்தில் முதலிடம் என்ற ஒன்று எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. சாலை இப்படி இருக்கும்போது நம்பிக்கையை ஊட்டி அனுப்புவது ஆளைக் குழியில் தள்ளுவதாகாதா? 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் சைக்கிளில் போனவர்கள் ஆயிரக்கணக்கில். தலைக்கவசமும் ஒளிரும் சட்டையும் வேகமாக வரும் டிப்பர் லாரியைத் தடுத்துவிடாது என்பதும் உண்மை. ஆனால் பயிற்சியே இல்லாமல் கூட்டமாக இறக்கிவிடுவது இந்த ஆபத்தைக் குறைக்கிறதா என்ன? வரிசை பிசகாமல் ஓட்டுவது, கையசைத்துத் திரும்புவது, முன்சக்கரத்தை அடுத்தவர் பின்சக்கரத்தில் உரசாமல் இடைவெளி விடுவது, நிறுத்திய காரின் கதவு திறக்கும் தூரத்துக்கு அப்பால் போவது, இதெல்லாம் ஒரே நாளில் வருவதல்ல. சாலையைத் திருத்தும் கோரிக்கைக்கும் ஆள் வேண்டும். சென்னை மாநகராட்சி 2014லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கெனத் தனிக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் ஒதுக்குவதாக அது சொன்னது. நடைமுறையில் என்ன ஆனது என்பதை எந்தச் சாலையிலும் பார்க்கலாம். ஒருநாள் மட்டும் போலீஸ் தடுப்பு வைத்துக் காலி செய்த சாலையில் ஓட்டியவருக்கு இந்தக் கொள்கை பற்றிக் கவலை வராது. 12 வாரம் வழக்கமான சாலையில் ஓட்டியவர் தன் கவுன்சிலரிடம் போய் நிற்பார்.

சைக்கிள் பயணம் என்பதே லட்ச ரூபாய் சைக்கிள் வைத்திருப்பவர்களின் பொழுதுபோக்கு என்ற ஏளனமும் உண்டு. அதற்கு ஏளனத்தை வரவழைப்பவர்களும் ஒரு காரணம். ஆனால் 2000களின் தொடக்கத்திலிருந்து அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கும் மாநிலம் இது. கட்டட வேலைக்கும் மில்லுக்கும் சைக்கிளில் போகிறவர்கள் எந்தப் பயிற்சித் திட்டமும் இல்லாமல் வாரத்துக்கு 100 கி.மீ.க்கு மேல் மிதிக்கிறார்கள். பயிற்சி ஞாயிறுகளில் குழுவை வழிநடத்த அவர்களில் சிலரைச் சம்பளம் கொடுத்து அழைத்தால் என்ன? பஞ்சர் ஒட்டக் கற்றுத்தர அந்தந்தப் பகுதியின் சைக்கிள் கடைக்காரரைவிடத் தகுந்தவர் யார்? கியர் இல்லாத சைக்கிளுக்கும் இடம் உண்டு என்று படிவத்திலேயே எழுத வேண்டும். சமதளத்தில் 50 கி.மீ.க்கு எண்ணெய் போட்ட செயினும் சரியான உயரத்தில் சீட்டும் இருந்தால் அது போதும்.

நாள் குறிப்பதில்தான் கொஞ்சம் சங்கடம். சென்னைக்கும் கடலோர மாவட்டங்களுக்கும் 100 கி.மீ. பயணத்துக்கு உகந்தது தை பிற்பகுதி, மாசி. பங்குனிக்குப் போனால் காலை ஒன்பது மணிக்கே வெயில் வாட்டிவிடும். பிப்ரவரி நடுவில் பயணம் என்றால் பயிற்சி நவம்பர் நடுவில் தொடங்க வேண்டும், அதாவது வடகிழக்குப் பருவமழையின் மத்தியில். மழை கெடுக்கும் ஞாயிறுகளை முன்பே கணக்கில் வைத்து, அந்த நாட்களில் ஏதாவது ஒரு பள்ளி வராந்தாவில் டியூப் மாற்றுவது, சீட் உயரம் பார்ப்பது, பிரேக் கட்டை தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைந்த தூரத்தை ஈடுகட்ட இரண்டு வாரம் கூடுதலாக ஒதுக்கி, பதிவை அக்டோபரிலேயே திறக்கலாம். கோவைப் பக்கம் கணக்கு வேறு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய் வழியாக வாளையார் நோக்கி எதிர்காற்றில் மிதித்தவருக்கு மிகைக் கூற்றாகத் தோன்றாது. அங்கே ஆடி முடிந்து ஆவணியில் பயிற்சியைத் தொடங்கி, கார்த்திகையில் பயணம் வைத்தால், வடகிழக்கு மழைக்காக ஓரிரு மாற்று ஞாயிறுகளை மட்டும் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால் போதும்.